மைலேஜைப் பார்த்து மோட்டார்ஹோம் வாங்கலாமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

லண்டன் ஹாரோவில் வசிக்கும் 41 வயது வாசகர் எழுதியிருக்கிறார். மனைவியும் 6, 9 வயதில் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாதம் ஒன்றிரண்டு வாரக்கடைசிகளுக்கும் ஆகஸ்டில் இரண்டு வார ஸ்காட்லாந்துப் பயணத்துக்கும் ஒரு பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு கூடிய வண்டி) வாங்க நினைக்கிறார். வருஷத்துக்கு 5,000 மைல் ஓடும் என்பது அவர் கணக்கு. ஆகஸ்ட் பயணத்தில் மாமனாரும் (68) மாமியாரும் சேர்ந்துகொள்வார்கள்.

மூன்று வண்டிகளைப் பார்த்திருக்கிறார். மூன்றும் ஃபியட் டுகாட்டோ டீசல், ஆளும் சுமையும் சேர்த்து மூன்றுக்கும் உச்ச எடை 3,500 கிலோ. ஒன்று 52,000 பவுண்டுக்குப் பேனல் வேன். இரும்பு வேனின் உள்ளேயே வீடு அமைத்தது. விற்பவர் கேலனுக்கு 40 மைல் என்கிறார். இரண்டாவது, வேனின் முன்பகுதிக்குப் பின்னால் தனியாக உடல் கட்டிய லோ-புரொஃபைல், 43,000 பவுண்ட், 30 மைல் என்கிறார்கள். மூன்றாவது 2014 மாடல் ஓவர்கேப். ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை, ஆறு பேர் தூங்கலாம், 27,000 பவுண்ட், 25 மைல்.

“டீசல் விற்கிற விலையில் பேனல் வேன்தான் லாபம் என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவி அதில் சமைக்கவே முடியாது என்கிறார். மாமியார் எல்லோரும் ஒன்றாகப் போகலாம் என்று ஓவர்கேப் பக்கம். மாமனார் 1993-ல் இங்கேயே டெஸ்ட் பாஸ் பண்ணியவர், எடை போதாவிட்டால் 3,850 கிலோவாக மாற்றிக்கொண்டு அவர் ஓட்டலாம் என்கிறார் டீலர். நான் 2004-ல் பாஸ் பண்ணினேன். சனிக்கிழமை முன்பணம் கேட்கிறார்கள். எதை எடுப்பது?”

பதில்:

உங்கள் கடிதத்தில் எரிபொருளைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. எடையைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் டீலர் சொன்னது. இதைத்தான் முதலில் திருப்பிப் போட வேண்டும். 3,500 கிலோ மோட்டார்ஹோம் வாங்கும் குடும்பங்களை நடுவழியில் சிக்கலில் விடுவது எடையும் சீட் பெல்ட்டும்தான். டீசல் செலவு அதற்கு அடுத்த வரிசையில்தான் வருகிறது. ஆனாலும் நீங்கள் கேட்டது எரிபொருள் பற்றி என்பதால் அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம்.

டீசல் கணக்கு

40 மைல் என்பதை மறந்துவிடுங்கள். கட்டில், அலமாரி, கேஸ், தண்ணீர் எல்லாம் ஏற்றிய டுகாட்டோ பேனல் வேன் நிதானமாக ஓட்டினால் கேலனுக்கு 30 முதல் 35 மைல் தரும். லோ-புரொஃபைல் 26 முதல் 30, ஓவர்கேப் 22 முதல் 26. நடுவாக 32, 27, 24 என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் லிட்டருக்கு 11.3, 9.6, 8.5 கிலோமீட்டர்.

வருஷத்துக்கு 5,000 மைல், டீசல் லிட்டர் 1.45 பவுண்ட் என்று போட்டால் பேனல் வேனுக்கும் லோ-புரொஃபைலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 130 லிட்டர், அதாவது சுமார் 190 பவுண்ட். உங்கள் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், பெரிதாக மாறாது. பேனல் வேனுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கப்போவது 9,000 பவுண்ட். அதை டீசலில் மட்டும் மீட்க 47 வருஷம் ஆகும். பேனல் வேன் வாங்க நல்ல காரணங்கள் உண்டு, கீழே சொல்கிறேன். மைலேஜ் அவற்றில் ஒன்று இல்லை.

ஒரே டுகாட்டோவுக்குள் ஏன் இந்த வித்தியாசம் என்றால், காற்று. பேனல் வேன் சுமார் 2.05 மீட்டர் அகலம். லோ-புரொஃபைல் 2.3 மீட்டர் அகலம், உயரமும் கூடுதல். ஓவர்கேப்பின் நெற்றி திறந்த குடையை எதிர்க்காற்றில் பிடித்த மாதிரி நிற்கிறது. நெடுஞ்சாலையில் டீசலின் பெரும்பங்கு இந்தக் காற்றைத் தள்ளவே போகிறது. அந்தத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60 மைல் வேகத்திலிருந்து 70-க்குப் போனால் காற்றுத் தடை 36 சதவீதம் கூடும். அதனால் 70-ல் போகிற பேனல் வேனும் 60-ல் போகிற லோ-புரொஃபைலும் கிட்டத்தட்ட ஒரே மைலேஜில் வந்து நிற்பது சாதாரணம். 300 மைல் நெடுஞ்சாலைப் பயணத்தில் 60-ல் போவதால் கூடுதலாக ஆகும் நேரம் 43 நிமிஷம். பிள்ளைகளுக்கு இடையில் ஒருமுறை நிறுத்தத்தான் போகிறீர்கள், அந்த அளவு நேரம்தான்.

குறைந்த குதிரைசக்தி இஞ்சின் எடுத்தால் டீசல் மிஞ்சும் என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்றரை டன் வண்டியில் அப்படி நடப்பதில்லை. 120 குதிரைசக்தி இஞ்சின் மேட்டில் கியர் குறைத்துக் கத்திக்கொண்டே ஏறும், 140 அதே மேட்டை நிதானமாக ஏறும். செலவு ஏறத்தாழ ஒன்றுதான், ஓட்டும் களைப்பில்தான் வித்தியாசம்.

வண்டி எதுவானாலும் மைலேஜை டாஷ்போர்டு சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது பெரும்பாலும் தாராளமாகவே காட்டும். பங்கில் முதல் ‘கிளிக்’ வரை நிரப்பி, மைல் மீட்டரைக் குறித்துக்கொண்டு, 200 மைலாவது ஓட்டி, அதே பங்கில் மறுபடி முதல் கிளிக் வரை நிரப்புங்கள். போட்ட லிட்டரை 4.546-ஆல் வகுத்தால் கேலன். 210 மைலுக்கு 34.2 லிட்டர் பிடித்தால் 27.9 மைல்.

ஓவர்கேப்பும் யூலெஸ்ஸும்

2014 டீசல் என்றால் அநேகமாக யூரோ 5 (புகை மாசுக்கான தர வரையறை). யூலெஸ் என்பது புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் லண்டன் மண்டலம். அந்தக் கட்டணத்திலிருந்து தப்ப டீசலுக்கு யூரோ 6 வேண்டும். இந்த அளவு வேன்களுக்கு யூரோ 6 கட்டாயமானது 2016 செப்டம்பரிலிருந்துதான். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (நகராட்சிப் பகுதிகளும்) யூலெஸ்ஸுக்குள் வந்துவிட்டன, ஹாரோவும் உட்பட. வீட்டு வாசலில் நிற்கும்வரை கட்டணம் இல்லை. நகர்த்திய நாளுக்கு 12.50 பவுண்ட், நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை ஒரு நாள் கணக்கு. போக ஒரு நாள், வர ஒரு நாள், ஆக ஒரு பயணத்துக்கு 25 பவுண்ட். வருஷத்தில் 16 பயணம் என்றால் 400 பவுண்ட். பேனல் வேனோடு ஒப்பிட்டால் ஓவர்கேப் கூடுதலாகக் குடிக்கும் டீசலே வருஷத்துக்கு 340 பவுண்ட் பக்கம்தான். இரண்டும் சேரும்போதுதான் மலிவான வண்டி மலிவாகத் தெரியாது. டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் கட்டணம் உண்டா இல்லையா என்று உடனே தெரியும். டீலர் வாய்வார்த்தையை நம்ப வேண்டியதில்லை.

எடை: இதைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள்

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் லோ-புரொஃபைலின் இயங்குநிலை எடை 3,020 கிலோ என்று இருக்கிறது. ஆக நீங்கள் ஏற்றக்கூடியது 480 கிலோ. தாராளமாகத் தெரிகிறது, இல்லையா? இயங்குநிலை எடையில் ஓட்டுநருக்கு 75 கிலோவும், 90 சதவீத டீசலும், தயாரிப்பாளர் தீர்மானித்த ஓர் அளவு தண்ணீரும் அடக்கம். பல வண்டிகளில் அந்தத் தண்ணீர் 20 லிட்டர்தான், தொட்டி 100 லிட்டராக இருந்தாலும். மற்றதெல்லாம் உங்கள் கணக்கு.

நீங்கள் 84 கிலோ என்றால் கூடுதல் 9. மனைவி 65, பிள்ளைகள் இருவரும் 52. தொட்டியை நிரப்பினால் இன்னும் 80. பக்கவாட்டுக் கூரைத்துணி 30, இரண்டாவது பேட்டரி 25, சோலார் 12, இரண்டாவது புரொப்பேன் சிலிண்டர் 15. நான்கு சைக்கிள்கள் 50, அவற்றை மாட்டும் ரேக் 15. நாற்காலி, மேசை 25. துணிமணி, படுக்கை 60. பாத்திரம், அரிசி, பருப்பு, மளிகை 50. மின்கேபிள், தண்ணீர்க் குழாய், சக்கரத்துக்கடியில் வைக்கும் கட்டைகள் 20. கூட்டினால் 508. மாமனார் மாமியார் ஏறாமலே 28 கிலோ அதிகம்.

தண்ணீரை 20 லிட்டரோடு நிறுத்திக்கொண்டு கேம்ப்சைட்டில் போய் நிரப்பினால் 428 ஆகிவிடும், சமாளிக்கலாம். நான்கு பேருக்கு இந்த வண்டி சரிவரும் என்று நான் சொல்வது இந்த நிபந்தனையோடுதான்.

ஓவர்கேப்பில் இயங்குநிலை எடை 3,080. மிச்சம் 420. ஆறு பேரும் ஏறினால், ஏற்கெனவே கணக்கில் உள்ள ஓட்டுநரின் 75 போக, ஆட்களே 256 கிலோ. மிஞ்சும் 164 கிலோவுக்குள் தண்ணீர், கேஸ், இரண்டு வாரத் துணி, ஆறு பேர் சாப்பாடு. இது நடக்காது. ‘சிக்ஸ் பெர்த்’ என்பது ஆறு பேர் படுக்கலாம் என்று சொல்கிறது. ஆறு பேரைச் சட்டப்படி சுமந்து போகலாம் என்று அது சொல்லவில்லை.

சைக்கிள் ரேக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பு மீறுவது அடிக்கடி நடக்கிறது. உங்கள் லோ-புரொஃபைலில் அச்சுகளின் இடைவெளி 4,035 மில்லிமீட்டர். ரேக் பின் அச்சிலிருந்து 2.3 மீட்டர் பின்னால் தொங்குகிறது. அங்கே 65 கிலோ மாட்டினால் நெம்புகோல் விளைவால் பின் அச்சில் 102 கிலோ ஏறும், முன் அச்சில் 37 கிலோ இறங்கும். பல டுகாட்டோக்களில் பின் அச்சின் வரம்பு 2,000 கிலோ. இன்னொன்று, இழுப்பது முன்சக்கரம். அதன்மேல் எடை குறைந்தால் ஈரமான புல்தரையில் நின்ற இடத்திலேயே சுழலும். ஸ்காட்லாந்து கேம்ப்சைட்டுகளில் டிராக்டரை வரவழைத்து இழுக்கச் சொல்கிற நிலை இப்படித்தான் வருகிறது. கனமான பொருள்களை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், தரையோடு தாழ வையுங்கள்.

வாங்கிய பின் முதல் வேலையாக, முழுதாக ஏற்றி, எல்லோரையும் உட்காரவைத்து, பொது எடைமேடைக்குப் போங்கள். மொத்தம், முன் அச்சு, பின் அச்சு என மூன்று எண்களும் வாங்குங்கள். டயர் காற்றின் அளவையும் அந்த அச்சு எடையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். எடையைச் சொன்னால் டயர் தயாரிப்பாளரே அளவு சொல்வார். காற்றுக் குறைந்த டயர் டீசலையும் தின்னும், சூடேறி வெடிக்கவும் செய்யும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2316 என்றால் 2016-ன் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும் அந்த வயதில் மாற்றிவிடுவதே நல்லது.

லைசென்ஸ் விஷயத்தில் டீலர் பாதிதான் சொல்லியிருக்கிறார்

1997 ஜனவரி 1-க்கு முன் இங்கே கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு சி1 உரிமை சேர்ந்தே வருகிறது. அவர்கள் 7,500 கிலோ வரை ஓட்டலாம். மாமனாருக்கு அது உண்டு. உங்களுக்கு 3,500-தான். வண்டியை 3,850 கிலோ என்று மாற்றிப் பதிவு செய்த அன்றிலிருந்து நீங்கள் அதை ஓட்ட முடியாது, காலியாக இருந்தாலும் சரி. சட்டம் பார்ப்பது பதிவான உச்ச எடையை. உரிமை இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்ட் வரை அபராதம், லைசென்ஸில் புள்ளிகள், அதைவிடப் பெரிதாக இன்ஷூரன்ஸ் செல்லாமல் போகும் அபாயம்.

மாமனாருக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் 70. அப்போது சி1 தானாகத் தொடராது. டி4 படிவத்தில் மருத்துவப் பரிசோதனை செய்து அனுப்ப வேண்டும், பிறகு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கண்பார்வையிலோ சர்க்கரையிலோ ஒரு சின்னச் சிக்கல் வந்தாலும் உங்கள் வீட்டு வாசலில் யாருமே ஓட்ட முடியாத வண்டி நிற்கும். 70 வயதை நெருங்கும் ஒருவரின் மேல் இந்தப் பாரத்தை வைப்பதும் சரியென்று எனக்குப் படவில்லை. பெரிய வண்டிதான் வேண்டுமென்றால் நீங்களே சி1 எடுங்கள்: மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு. அதை முடித்த பிறகு வண்டி தேடுங்கள்.

பிள்ளைகளின் சீட்

135 சென்டிமீட்டர் உயரமோ 12 வயதோ, எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைகளுக்குச் சரியான சீட் கட்டாயம். பூஸ்டர் சீட்டுக்குத் தோளில் குறுக்காக வரும் மூன்று முனை பெல்ட் வேண்டும். நீங்கள் பார்த்த ஓவர்கேப்பில் பின்நோக்கிய இரண்டு இருக்கைகளில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே பூஸ்டர் வைக்கக் கூடாது, பக்கவாட்டு சோஃபாவிலும் வைக்கக் கூடாது. லோ-புரொஃபைலில் முன்நோக்கிய இரண்டு மூன்று முனை பெல்ட்டுகள் இருக்கின்றன. உங்கள் சீட்டுகளை எடுத்துப்போய் அங்கேயே வைத்து இறுக்கிப் பாருங்கள். அடியில் பெட்டி இருக்கும் சில இருக்கைகளில் சீட் ஆடும்.

மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது

பேனல் வேனில் சமையலறை என்பது பக்கவாட்டுக் கதவோரம் இரண்டு அடுப்பு, ஒரு சிறிய தொட்டி, பலகை நீட்டினால் ஒரு சாண் இடம். சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல் என்று மூன்று பாத்திரம் இறக்கி வைக்க இடம் இருக்காது. தாளிக்கும் புகை படுக்கைத் துணியில் ஏறி இரண்டு நாள் நிற்கும். அரிசி வேகும் ஆவி குளிர்ந்த இரும்புச் சுவரில் பட்டு வடியும். லோ-புரொஃபைலில் கூரை ஜன்னலும் மின்விசிறியும் அடுப்புக்கு மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். பிரஷர் குக்கர் எடுத்துப்போங்கள், கேஸ் வெகுவாக மிஞ்சும். குளிர்காலத்துக்குப் புரொப்பேன்தான், பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிப் பக்கம் வந்தால் ஆவியாகாது, அடுப்பு எரியாது. சில வண்டிகளில் வெளிப்பக்கம் கேஸ் இணைப்பு இருக்கும், மீன் பொரிக்க அது வரப்பிரசாதம். ஆனால் மழைக்குப் பயந்து நாலாபக்கமும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. குளிர்கிறது என்று வண்டியின் தரை, கூரைக் காற்றுத் துளைகளை யாரும் துணியால் அடைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனல் வேனின் உண்மையான பலம் வேறு. ஆறு மீட்டருக்குள் அடங்கும், உங்கள் வாசலில் நிற்கும், வடக்கு ஸ்காட்லாந்தின் ஒற்றைத் தடச் சாலைகளில் பயமில்லாமல் போகும், இரும்பு உடல் என்பதால் மூட்டுகளில் தண்ணீர் இறங்கும் தொல்லை குறைவு. இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு நான் அதையே சொல்லியிருப்பேன். இரண்டு வார மழையில் நான்கு பேர் அதற்குள் அடைந்திருப்பது கஷ்டம்.

அதனால் மூன்றில் லோ-புரொஃபைல்தான். மாமனாரும் மாமியாரும் ஆகஸ்டில் தங்கள் காரில் பின்னால் வரட்டும், அல்லது ரயிலில் வந்து சேரட்டும். பல கேம்ப்சைட்டுகளில் வாடகைக்குச் சிறு மரக்குடில்கள் உண்டு. பகலெல்லாம் ஒன்றாக இருந்து, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு, இரவில் முதியவர்கள் நேரான படுக்கையில் தூங்குவது அவர்களுக்கும் நல்லது. ஆறு பேர் ஒரே வண்டி என்ற ஆசைக்காக வருஷத்தில் ஐம்பது வாரம் தேவையில்லாத அளவு வண்டி வாங்க வேண்டாம்.

ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் மாதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நின்ற இடத்தில் இஞ்சினைப் பத்து நிமிஷம் உறுமவிட்டு அணைப்பது டீசல் புகை வடிகட்டியைப் புகைக்கரியால் அடைக்கும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து அரை மணி நேரமாவது நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டுங்கள், வடிகட்டி சூடேறித் தன்னைத்தானே எரித்துச் சுத்தமாக்கிக்கொள்ளும். அடைத்த வடிகட்டி மைலேஜையும் குறைக்கும், மாற்றப்போனால் பல வருஷ டீசல் மிச்சத்தை விழுங்கும்.

சனிக்கிழமைக்கு முன்

ஈரக்கசிவு அறிக்கை கேளுங்கள். தனியாகக் கட்டிய உடலில் ஜன்னல் ஓரம், கூரை மூலை, பின்சுவர் அடி ஆகிய இடங்களில்தான் தண்ணீர் இறங்கும். ஈரப்பத அளவு 15 சதவீதத்துக்குள் என்றால் கவலை இல்லை, 20-ஐத் தாண்டினால் காரணம் தெரியாமல் வாங்காதீர்கள், 30 என்றால் விட்டுவிடுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது வேண்டும். மைல் குறைவாக ஓடியிருந்தாலும் வருஷக் கணக்கு அதற்கு உண்டு.

டீலரிடம் வாங்குவதால் 2015-ன் நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பெரிய குறை 30 நாளுக்குள் தெரிந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை முழுதாகக் கேட்கலாம். அதற்குப் பிறகும், வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் வரை, குறை விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். சரிசெய்ய டீலருக்கு ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டும். தனியாரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது, விளம்பரத்தில் சொன்னபடி இருக்கிறதா என்பதோடு சரி.

முன்பண ரசீதில் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: ஈரக்கசிவு அறிக்கை திருப்தியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் மட்டும் இருக்கும் காலி வண்டியின் எடைமேடைச் சீட்டில் மொத்தம் 3,020 கிலோவை ஒட்டி வர வேண்டும், இவற்றில் ஒன்று தவறினாலும் முன்பணம் முழுதாகத் திரும்ப வரும். எழுதித் தர மறுத்தால் சனிக்கிழமை பணம் கொடுக்காதீர்கள். அதே மாதிரி லோ-புரொஃபைல் வேறு டீலரிடமும் கிடைக்கும்.